மதுரையை 22 நிமிடத்தில் காட்டுவது: டிவிக்கு ஓர் உணவுப் பயண எபிசோடு எடுக்கும் முறை

அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போகக் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடம். அதற்குள் ஐந்து உணவுகள் அடங்கும், இழுத்துப் பிடித்தால் ஆறு. பன்னிரண்டு கடைகளுக்குப் போய் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டு "சூப்பர்" என்று சொல்லிவிட்டு வந்தால் கடைப் பட்டியல்தான் மிஞ்சும், ஊர் வராது. ஊர் திரையில் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு உணவுக்கும் மூன்றரை நிமிடமாவது கொடுக்க வேண்டும். அந்த மூன்றரை நிமிடத்தில் பாதிக்கு மேல் சமைக்கிற கைகளுக்கும் அந்தக் கைகளுக்கு உரியவர் பேச்சுக்கும் போக வேண்டும். தொகுப்பாளர் சாப்பிடுவது கடைசி 40 நொடி போதும்.

இந்தக் குறிப்பு மதுரையை வைத்து எழுதப்பட்டது. எந்த ஊருக்கும் வேலை முறை இதுதான். கடைகளும் நேரங்களும் மாறும்.

கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள்

உணவுப் பயணப் படப்பிடிப்பில் அதிகம் நடக்கும் தவறு, கடை திறந்திருக்கும் நேரத்துக்குக் கேமராவுடன் போவது. விற்கும் நேரம் வேறு, செய்யும் நேரம் வேறு. இரவு எட்டு மணிக்குப் புரோட்டாக் கடைக்குப் போனால் கல்லைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். மாஸ்டருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறப்போட்டு, சால்னாவுக்குத் தேங்காய் அரைத்த வேலையெல்லாம் மதியமே முடிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கடைக்கும் இரண்டு முறை போக வேண்டும்: செய்யும்போது ஒரு முறை, விற்கும்போது ஒரு முறை.

இதற்காகத்தான் கேமரா இல்லாத ரெக்கி. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் மட்டும் இரண்டு நாள் முன்னதாகப் போய், காசு கொடுத்துச் சாப்பிட்டு, கல்லாவில் இருப்பவரிடம் பேச வேண்டும். கேட்க வேண்டியவை எளிமையானவை. அடுப்பு எத்தனை மணிக்குப் பற்றவைக்கிறீர்கள்? மாவு எப்போது பிசைவது? எந்தக் கிழமை விடுமுறை? அமாவாசை, கார்த்திகை, புரட்டாசிச் சனி என்றால் வியாபாரம் எப்படி? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். புரட்டாசியில் கறிக்கடைக் காட்சி எடுக்கத் திட்டமிட்டுப் போனால் பல மெஸ்களில் பாதி மேசை காலியாக இருக்கும். நிறைந்த கடையைக் காட்ட வந்தவர்களுக்கு அந்தப் படம் உதவாது.

ரெக்கியில் பேசும்போது "அண்ணே", "அக்கா" போதும். மதுரைக்காரர் காதுக்கு அதுதான் இயல்பு. "சார்" என்று தொடங்கினால் அதிகாரி சோதனைக்கு வந்துவிட்டார் என்று சுருங்கிக்கொள்வார்கள்.

சேகரித்த நேரங்களை ஒரே தாளில் 24 மணி நேரக் கோடாக எழுதுங்கள். மதுரைக்கு அது இப்படி விழும். விடியுமுன் மாட்டுத்தாவணி பூச்சந்தை. அதை ஒட்டித் தள்ளுவண்டிப் பருத்திப்பால். பன்னிரண்டரைக்கு மெஸ் சாப்பாடு, கறிதோசை. மூன்று மணி வெயிலில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. நாலரைக்குச் சௌராஷ்டிரர் தெருக்களில் மாலைப் பலகாரம். ஏழு மணிக்குமேல் புரோட்டா. பத்துக்குமேல் தெருவோர இட்லி. இந்தத் தாளே திரைக்கதை. தனியாகக் கதை தேட வேண்டாம்.

தூங்கா நகரம் என்ற பெயர் எல்லா நிகழ்ச்சியிலும் வந்துவிட்டது. அதைச் சொல்வதாக இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி இந்த ஊரின் பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் பாடுகிறது. தேன்கூடு போன்ற மெல்லிய அடையும் மோதகமும் விற்கும் கூவியர் நள்ளிரவில் கடையிலேயே உறங்கிப்போவதும் அதில் வருகிறது. இரவு இட்லிக் கடையில் பாத்திரத்தை மூடிவிட்டு ஸ்டூலில் கண்ணயரும் ஒருவரை, அவர் சம்மதத்தோடு, எட்டு நொடி எடுத்துவைத்துக்கொண்டால் அந்தப் பாட்டு வரிகளுக்கு வேறு படம் தேவையில்லை.

அனுமதி

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன்கூடக் கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் நடந்த தீ விபத்துக்குப் பின் வந்த கட்டுப்பாடு அது. கோபுரத்தை வெளி வீதிகளிலிருந்தோ சம்மதம் தரும் விடுதி மொட்டை மாடியிலிருந்தோ எடுங்கள். டிரோன் பறக்கவிட நினைத்தால் விமானப் போக்குவரத்துத் துறையின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், காவல்துறையிடமும் கேளுங்கள். கோயிலைச் சுற்றி அந்த யோசனையையே விட்டுவிடுவது நல்லது. தெருவில் முக்காலி வைத்தால் போக்குவரத்துப் போலீஸ் நிறுத்துவார்கள். மாநகராட்சி, காவல்துறைக் கடிதங்களின் நகல் ஒளிப்பதிவு உதவியாளர் பையில் இருக்கட்டும், தயாரிப்பாளர் விடுதி அறையில் அல்ல.

கடைக்காரரிடமும் நெருக்கத்தில் பேசும் ஒவ்வொருவரிடமும் தமிழில் அச்சடித்த சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். படப்பிடிப்புக்கு முன்பே வாங்க வேண்டும், கூட்டம் கூடிவிட்டால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். சாப்பிட்டதற்கெல்லாம் பணம் கொடுங்கள். ஓசியில் சாப்பிட்டால் ருசியைப் பற்றி நேராகப் பேச முடியாது.

பேட்டியின்போது டீக்கடை ரேடியோவையும் டிவியையும் அணைக்கச் சொல்லுங்கள். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடினால் அதற்கு உரிமை வாங்க வேண்டிவரும், இல்லையென்றால் அந்தப் பேச்சு முழுவதையும் தூக்கிப்போட வேண்டிவரும். பேச்சையும் பாட்டையும் பிறகு சுத்தமாகப் பிரிப்பது எளிதல்ல. நல்ல காட்சிகள் வீணாவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

கேமராவும் வெளிச்சமும்

இரண்டு கேமரா வேண்டும். ஒன்று தொகுப்பாளரையும் இடத்தையும் பார்க்கும், மற்றது கைகளை மட்டும். இரண்டாவதில் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இருந்தால் அடுப்பிலிருந்து விலகி நின்றே கல்லில் பொரியும் வெங்காயத்தை எடுக்கலாம். ஒன்றரை அடிக்குள் நின்றால் எண்ணெய்த் துளி லென்ஸில் படிந்து, அடுத்த ஒரு மணி நேரப் படம் முழுவதும் மங்கலாகிவிடும். சின்ன மானிட்டரில் அது தெரியாது. முன்னால் ஒரு யூவி ஃபில்டர் போட்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடையில் துடையுங்கள்.

விடுதியின் ஏசி அறையிலிருந்து நேராகச் சமையல்கட்டுக்குப் போனால் லென்ஸில் பனி பூக்கும். அரை மணி நேரம் முன்னதாகவே கேமராப் பையை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். விடிகாலைப் பருத்திப்பால் காட்சியில் இதை மறந்தால் முதல் வெளிச்சம் போய்விடும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே நொடிக்கு 25 பிரேம் படப்பிடிப்பில் ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி. அதை விட்டு 1/60க்குப் போனால் ட்யூப்லைட் திரையில் துடிக்கும். ஸ்லோமோஷனுக்கு 100 பிரேம் வைக்கும்போது சில எல்இடி பல்புகள் எப்படியும் துடிக்கும். பத்து நொடி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். துடித்தால் அந்தப் பல்பை அணைத்துவிட்டு உங்கள் விளக்கை வையுங்கள். விளக்கின் நிறத் துல்லியம் சிஆர்ஐ 95க்குக் குறையக் கூடாது. ட்யூப்லைட்டின் பச்சைச் சாயல் சால்னாவில் ஏறினால் கெட்டுப்போன குழம்பு போலத் தெரியும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல், கல்லுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளை வைத்துக் கையால் சரிசெய்யுங்கள்.

ஆவி எதிர் வெளிச்சத்தில்தான் தெரியும். விளக்கைத் தட்டுக்குப் பின்னால், ஒரு பக்கமாக, சற்று உயரத்தில் வையுங்கள். பின்புலம் இருட்டாக இருக்கட்டும். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் சுடச்சுட வந்த இட்லியும் ஆறிப்போனது போலக் கிடக்கும். வாழையிலையின் பளபளப்பு கண்ணைப் பறித்தால் போலரைசர் போட்டுத் திருப்புங்கள். முழுவதும் அடக்கிவிடாதீர்கள், எண்ணெயின் மினுமினுப்பும் சேர்ந்து போய்விடும்.

ஒவ்வொரு உணவுக்கும் ஒவ்வொரு வழி

ஜிகர்தண்டாவுக்குக் கண்ணாடி டம்ளரில் முதலில் கடல்பாசி, அதன்மேல் நன்னாரி சர்பத், பிறகு சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், உச்சியில் ஐஸ்கிரீம். பாலை வேகமாக ஊற்றினால் சர்பத் கலங்கி எல்லாம் ஒரே பழுப்பு நிறமாகிவிடும். டம்ளரின் உட்சுவரில் பட்டு வழியும்படி ஊற்றச் சொல்லுங்கள். அதன் பின் உங்களுக்கு இருப்பது மூன்று, நான்கு நிமிடம்தான். ஐஸ்கிரீம் உருகி அடுக்கு கலைந்துவிடும். எனவே நான்கு டம்ளராகச் சொல்லுங்கள்: ஊற்றுவதற்கு ஒன்று, அடுக்குகளின் க்ளோஸ்-அப்புக்கு ஒன்று, தொகுப்பாளர் குடிக்க ஒன்று, கைதவறினால் ஒன்று. டம்ளரின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டே எடுங்கள். விரல் ரேகை பெரிய டிவியில் அப்படியே தெரியும்.

பெயருக்கு விளக்கம் சொல்லலாம். ஜிகர் என்றால் ஈரல், நெஞ்சு என்றும் கொள்வார்கள். தண்டா என்றால் குளிர்ச்சி. முகலாய அரண்மனையிலிருந்து வந்தது என்ற கதையை மட்டும் உண்மை போல அறிவிக்காதீர்கள். கடைக்காரர் சொன்னால் அவர் வாயால் வரட்டும், உங்கள் பின்னணிக் குரலில் வேண்டாம்.

பருத்திப்பால் பெயருக்குத்தான் பால். பருத்திக்கொட்டையை இரவு முழுக்க ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, அரிசி மாவு கரைத்து ஊற்றி, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கும் ஏலமும் தேங்காயும் சேர்த்துக் காய்ச்சுவது. இதில் பார்க்க வேண்டிய இடம் துணியில் பிழியும் கை. அது பெரும்பாலும் வீட்டில் நடக்கும், வண்டியில் அல்ல. முந்தின இரவே வீட்டுக்கு வரலாமா என்று கேட்டு வையுங்கள். மாவு சேர்ந்ததும் விடாமல் கிண்ட வேண்டும். உங்களுக்காக அவர் கிண்டுவதை நிறுத்திப் பேசினால் அடி பிடித்து அந்தப் பானை முழுக்கத் தீய்ந்த வாடை வந்துவிடும். கேள்விகளைப் பானை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கறிதோசை மூன்று அடுக்கு. கீழே தடித்த தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்திய ஆட்டுக்கறி. திருப்பிப் போடும் நொடிதான் காட்சி. ஒரு கேமராவைக் கல் மட்டத்துக்கு இறக்கி வைத்து, திருப்பும்முன் "இப்போ" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். கறி கல்லில் படும் சத்தம் அந்த ஒரு நொடியில்தான் கிடைக்கும்.

புரோட்டாவில் வீசும்போது 100 பிரேம், தட்டும்போது சாதாரண வேகம். மாவு மெல்லிய துணியாக விரிவது மெதுவாகப் பார்க்க அழகு. சுட்டெடுத்த நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுவதை மெதுவாக்கினால் அதன் தாளம் செத்துவிடும். அடுக்கடுக்காக இதழ் பிரிவது அப்படித் தட்டும்போதுதான். தட்டும்முன் க்ளோஸ்-அப் எடுத்தால் தட்டையான ரொட்டி போலத்தான் இருக்கும்.

கொத்துப் புரோட்டாவில் ஆபத்து மைக்குக்கு. இரும்புக் கல்லில் கரண்டி விழும் சத்தம் திடீரென ஏறி ஒலி உடையும். பேச்சுக்கு உச்சம் மைனஸ் 12 டெசிபலில் வைத்திருப்பீர்கள், கொத்துக்கு அதிலிருந்து மேலும் 10 குறையுங்கள். ரெக்கார்டரில் இரண்டாவது டிராக்கில் குறைந்த அளவில் ஒரு பாதுகாப்புப் பதிவும் ஓடட்டும். கேமரா நின்ற பிறகு, ஒரு தட்டு முழுவதையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒலியாக மட்டும் பதிவுசெய்யுங்கள். எடிட்டர் வெட்டி ஒட்டும்போது தாளம் தவறாமலிருக்க அதுதான் முதுகெலும்பு. எல்லா இடத்திலும் ஒரு நிமிடம் வெறும் இடத்து ஒலி எடுப்பதும் கட்டாயம். எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் பேட்டி நேரத்துக்கு நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறக்காதிருக்க உங்கள் வண்டிச் சாவியை அதன் மேல் வையுங்கள்.

ஒரு தெரு, ஒரு சமூகம்

மதுரையில் மாலைப் பலகாரத்தைச் சௌராஷ்டிரர் வாழும் தெருக்களில் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து புலம்பெயர்ந்து வந்த இந்த நெசவாளர்கள் வீட்டில் இன்றும் பேசுவது சௌராஷ்டிர மொழி. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் கைகளும் முள்ளுமுருங்கை இலை சேர்த்துப் பலகாரம் சுடும் கைகளும் ஒரே வீட்டில் இருக்கும். இரண்டையும் ஒரே காட்சியில் சேர்த்தால் ஒரு சமூகம் எங்கிருந்து வந்தது, வந்த இடத்தில் எதைச் சேர்த்துக்கொண்டது என்று வசனமே இல்லாமல் புரியும். பலகாரம் சுடும் பாட்டி சௌராஷ்டிரத்திலேயே பேசட்டும், கீழே தமிழில் எழுத்துப் போடலாம். தமிழில் பேசச் சொல்லி வற்புறுத்தினால் சமையல் சொற்கள் முதலில் காணாமல் போகும்.

முனியாண்டி விலாஸ் பலகையை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதன் வேர் திருமங்கலம் அருகே உள்ள வடக்கம்பட்டி. அங்குள்ள முனியாண்டி கோயிலுக்கு ஆண்டுதோறும் வெளியூர் ஓட்டல்காரர்கள் கூடி, பிரியாணியைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். விழா நாளுக்கு உங்கள் படப்பிடிப்பு பொருந்தினால் மற்ற எதை விட்டாவது அங்கே போங்கள். தம் திறப்பது அண்டாவுக்கு ஒரே முறை, இரண்டாம் டேக் கிடையாது. மூடி திறக்கும்முன் இரு கேமராவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று ஆவியையும் மற்றது சுற்றி நிற்பவர் முகங்களையும் பார்க்கட்டும்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாண விருந்தில் சாப்பிட்டுவிட்டு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் போல மக்கள் மொய் எழுதுவார்கள். அருமையான காட்சி. ஆனால் அந்த வாரத்தில் விடுதியும் கிடைக்காது, தெருவில் நகரவும் முடியாது. திருவிழாவே பொருள் என்றால் வாருங்கள், தினசரி ஊரைக் காட்டுவதென்றால் வேறு மாதம்.

பேச்சும் வாயும்

"இதில் என்ன ஸ்பெஷல்?", "ரகசியம் என்ன?" ஆகிய இரண்டு கேள்விகளும் வேண்டாம். "மசாலா நம்ம கைப்பக்குவம்" என்று ஒரே பதில் வரும். அவற்றுக்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள். இன்றைக்கு எத்தனை கிலோ மாவு? மழை நாளில் எதைக் குறைப்பீர்கள்? முதன்முதலில் யார் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டீர்கள்? விறகிலிருந்து காஸுக்கு மாறியபோது எது மாறிற்று? எண்ணையும் நாளையும் ஆளையும் கேட்டால் கதை தானாக வரும். பதில் முடிந்ததும் மூன்று நொடி பேசாமல் இருங்கள், உண்மையான வரி பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

தொகுப்பாளர் ஒரு நாளில் ஐந்தாறு இடத்தில் சாப்பிட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று கவளம், அவ்வளவுதான். மிச்சத்தைக் குழு சாப்பிடட்டும், வீணாக்கக் கூடாது. முதல் கவளம் பேச்சில்லாமல், இரண்டாவதுக்குப் பிறகு பேச்சு, மூன்றாவது வெறும் கட்-அவேக்கு, அதாவது பேச்சுக்கு நடுவே செருகும் காட்சிக்கு. மென்றுகொண்டே பேசினால் சட்டையில் குத்தும் லேப்பல் மைக்கில் வாய்ச் சத்தம் அருவருப்பாக விழும். கஞ்சி போட்ட பருத்திச் சட்டையில் மைக் உரசும், மென்மையான துணி அணியச் சொல்லுங்கள். வலது கையில் வாட்சோ கயிறோ முதல் நாள் இருந்தால் படப்பிடிப்பின் கடைசி நாள் வரை இருக்க வேண்டும், கையின் க்ளோஸ்-அப் எந்த நாளிலிருந்தும் எடுக்கப்படலாம்.

ருசியைச் சொல்ல நம்மிடம் சொல் பஞ்சம் இல்லை. காரம் நாக்கு நுனியில் சுள்ளென்று ஏறுகிறதா, தொண்டையில் நின்று மிளகாகக் கமறுகிறதா? மொறுமொறுவா, பொறபொறவா, கொழகொழவா? நன்னாரியின் லேசான கசப்பு, கருப்பட்டியின் புகை வாசம் என்று பொருளைத் தொட்டுச் சொன்னால் பார்ப்பவர் வாயில் எச்சில் ஊறும்.

வரலாறு பேசும்போது ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: தட்டில் மிளகாய் இருக்கிறதா? மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டை ஒட்டி நம் கரைக்கு வந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால்தான் அந்தப் பெயர். தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே கண்டத்தின் பயிர்கள். மைதாவோ ஆலை அரைப்பின் பிள்ளை. ஆகவே சிவக்கச் சிவக்கக் கறிக்குழம்பைக் காட்டி "ஈராயிரம் ஆண்டுப் பாண்டியர் சமையல்" என்று குரல் கொடுத்தால் அது பிழை. மிளகுக் கறிக்கு அந்த வரியை வேண்டுமானால் யோசிக்கலாம்.

எடிட்டிங் மேசையில்

22 நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரப் படம் போதும். அதற்கு மேல் எடுத்தால் தேடவே நாள் போய்விடும். ஒவ்வொரு இரவும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள். முதல் வெட்டில் தொகுப்பாளர் பேசுவதையெல்லாம் எடுத்துவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். விடியல், வெயில், விளக்கு, நள்ளிரவு என்று ஊர் நகர்வது தெரிந்தால் எலும்பு சரி. பிறகு அவரைத் தேவையான இடத்தில் மட்டும் சேருங்கள்.

திரையில் வரும் உணவுப் பெயரைக் கடைப் பலகையோடு ஒப்பிடுங்கள். புரோட்டா, பரோட்டா என ஊருக்கு ஓர் எழுத்து உண்டு, அந்தக் கடையின் எழுத்தே இருக்கட்டும். ஒளிபரப்புத் தேதியை ஒரு வாரம் முன்னதாகக் கடைக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். அடுத்து வரும் சனி, ஞாயிறில் கூட்டம் கூடும். எத்தனை கிலோ மாவு கூடுதலாகப் பிசைவது, உதவிக்கு யாரை அழைப்பது என்று அவர் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும்.